வியாழனின் பன்னிரண்டு படிகள்: சீன விலங்காண்டும் தமிழ் அறுபதாண்டும்

குருப் பெயர்ச்சி நாளில் போரூர் இராமநாதீஸ்வரர் கோயிலில் கூட்டம் தெருவரை நீளும். கையில் கொண்டைக்கடலை மாலை, மஞ்சள் துணி, முல்லைப்பூ. தொண்டை மண்டலத்து நவக்கிரகத் தலங்களில் இது குருவுக்கு உரியது. மற்ற எட்டும் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. கொளப்பாக்கத்தில் சூரியன், சோமங்கலத்தில் சந்திரன், பூந்தமல்லியில் செவ்வாய், கோவூரில் புதன், மாங்காட்டில் சுக்கிரன், பொழிச்சலூரில் சனி, குன்றத்தூரில் ராகு, கெருகம்பாக்கத்தில் கேது. தாம்பரத்திலிருந்து காலையில் வேன் பிடித்தால் இருட்டுவதற்குள் ஒன்பதையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வானியல் உண்மை இருக்கிறது. வியாழன் சூரியனைச் சுற்றிவர 11.86 ஆண்டு ஆகிறது. வான்வட்டத்தைப் பன்னிரண்டு வீடுகளாகப் பிரித்தால் வீட்டுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு என்று அது நகரும். வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற, ஆண்டுக்கு ஒரு படி ஏறுகிற கோள் இது ஒன்றுதான். ஆண்டுகளை எண்ண நினைத்த பழஞ்சமூகங்களுக்கு வானத்தில் தொங்கிய கடிகாரம் இது. நம்மவர்கள் இதை வைத்துக் குருப் பெயர்ச்சியும் பிரபவ முதல் அட்சய வரையான அறுபது ஆண்டுகளும் கண்டார்கள். சீனர்கள் எலி, எருது, புலி என்று பன்னிரண்டு விலங்காண்டுகள் கண்டார்கள்.

வார இதழ்களின் பலன் பக்கங்கள் இதைச் ‘சீன ராசி’ என்று நமக்கு அறிமுகப்படுத்தின. அதனால் மேஷம், ரிஷபத்துக்கு இணையான ஏதோ ஒன்று என்ற எண்ணம் பரவிவிட்டது. அது தவறான ஒப்பீடு. ராசி ஒருவர் பிறந்த நேரத்தில் சந்திரனோ சூரியனோ நின்ற இடத்தைச் சொல்வது. சீன விலங்கு அவர் பிறந்த ஆண்டைச் சொல்வது. அதை நம்முடைய பிரபவ, விபவ வரிசையோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் பிறப்பும் பொருளும் விளங்கும். அப்படிப் பார்க்கும்போது நம் வழக்கங்களும் கொஞ்சம் கூடுதலாக விளங்கும்.

எண்ணிக்கை முதலில்

சீனத்தில் விலங்குகளுக்கு வெகுகாலம் முன்பே எண்ணிக்கை இருந்தது. ஷாங் அரச மரபின் காலத்தில், கி.மு. 13ஆம் நூற்றாண்டு வாக்கில், ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் குறி பார்த்து எழுதிவைத்தார்கள். அவற்றில் நாட்கள் அறுபது நாள் சுழற்சியில் குறிக்கப்பட்டிருக்கின்றன. பத்துக் குறிகள் கொண்ட ஒரு வரிசை, பன்னிரண்டு குறிகள் கொண்ட இன்னொரு வரிசை. முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது என்று இணைத்துக்கொண்டே போனால் அறுபது இணைகள் முடிந்த பிறகுதான் தொடங்கிய இடத்துக்கு வரும். பத்து, பன்னிரண்டு இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு அறுபது. நட்சத்திரமும் இல்லை, விலங்கும் இல்லை, வெறும் நாட்கணக்கு.

பிறகு வியாழன் வந்தது. சீனர்கள் அதற்கு இட்ட பழைய பெயரே ஆண்டு விண்மீன் என்று பொருள்படுவது. வான்வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, வியாழன் எந்தப் பிரிவில் நிற்கிறது என்பதைக் கொண்டு ஆண்டைச் சொன்னார்கள். ஆனால் வியாழன் நகரும் திசையும் பன்னிரண்டு குறிகளை அவர்கள் அடுக்கியிருந்த திசையும் எதிரெதிர். அதைச் சரிக்கட்ட வியாழனுக்கு எதிர்த்திசையில் சீராக நகரும் ஒரு கற்பனைக் கோளை வைத்துக்கொண்டார்கள். அதன் பெயர் தாய்சுய். ஆண்டுக் குறி இந்தத் தாய்சுய் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோள் பின்னாளில் தெய்வமாகிவிட்டது.

ஒரு சிக்கல் இருந்தது. வியாழனின் சுற்று சரியாகப் பன்னிரண்டு ஆண்டு இல்லை, சற்றுக் குறைவு. அதனால் ஏறக்குறைய 86 ஆண்டுக்கு ஒருமுறை அது ஒரு வீட்டைக் கூடுதலாகத் தாண்டிவிடும். ஹான் காலத்து அறிஞர் லியூ சின் இதைக் கவனித்து, 144 ஆண்டில் 145 இடம் நகர்கிறது என்று கணக்குச் சொன்னார். அளவு பிழை, ஆனால் நோய் எது என்று கண்டுகொண்டார். கி.பி. முதல் நூற்றாண்டின் முடிவில் சீனர்கள் வியாழனைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, அறுபதைத் தொடர்ச்சியாக எண்ணிப் போவதென்று முடிவுசெய்தார்கள். அன்று தொட்டு இன்றுவரை அந்த எண்ணிக்கை அறுபடவில்லை.

இதே சிக்கல் இந்தியாவிலும் எழுந்தது. இங்கே அறுபது வந்த வழி வேறு: வேதாங்க சோதிடத்தின் ஐந்தாண்டு யுகம், வியாழனின் பன்னிரண்டு வீடு, இரண்டையும் பெருக்கினால் அறுபது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் இந்த அறுபதின் பட்டியல் இருக்கிறது. வியாழன் ஒரு ராசியைக் கடக்க எடுப்பது சுமார் 361 நாள். சூரிய ஆண்டோ 365 நாளுக்கு மேல். வடஇந்தியப் பஞ்சாங்கக்காரர்கள் வியாழனை விடாமல் பிடித்துக்கொண்டு, 85 ஆண்டு சொச்சத்துக்கு ஒருமுறை ஓர் ஆண்டுப் பெயரைத் தள்ளிவிடுகிறார்கள். தென்னாட்டார் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தள்ளுவதை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் நம் பஞ்சாங்கத்து ஆண்டுப் பெயரும் வடக்கத்திப் பஞ்சாங்கத்துப் பெயரும் இன்று பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் விலகி நிற்கின்றன. வியாழனைக் கைவிட்டு எண்ணிக்கையைக் காப்பாற்றிய வகையில் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம் காசிக்குத் தூரம், சீனத்துக்குப் பக்கம்.

விலங்குகள் பின்னால் வந்தன

1975 டிசம்பரில் சீனத்தின் ஹூபே மாநிலத்தில் ஷுய்ஹுதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். சின் அரசின் கீழ் எழுத்தராக வேலை பார்த்த ஒருவரின் கல்லறை அது, காலம் கி.மு. 217. உடலோடு 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள். பெரும்பகுதி சட்டமும் வழக்கு விசாரணை முறையும். கூடவே நல்ல நாள், கெட்ட நாள் சொல்லும் நாட்குறி நூல் ஒன்று, ஏறத்தாழ நம் பஞ்சாங்கம் மாதிரி. பன்னிரண்டு குறிகளுக்கும் விலங்குகளைச் சூட்டிய மிகப் பழைய பட்டியல்களில் ஒன்று அதில்தான் கிடைத்தது.

எதற்காக அந்தப் பட்டியல் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். திருடனைப் பிடிக்க. எலி நாளில் களவு போனால் திருடன் கூர்வாயன், தாடி குறைந்தவன், முகத்தில் மரு உள்ளவன்; பொருளைச் சுவருக்குள்ளே குப்பைக்கு அடியில் ஒளித்திருப்பான். எருது நாள் என்றால் பெரிய மூக்கு, நீண்ட கழுத்து. பொருள் மாட்டுத் தொழுவத்தில் இருக்கும். விலங்கின் உருவத்தைத் திருடன்மேல் ஏற்றி ஆளடையாளம் சொல்லும் முறை இது. காணாமற்போன பொருளுக்கு நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்வது நம்மிடமும் உண்டு என்பதால் இதைப் படித்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

அந்தப் பட்டியல் இன்றைய பட்டியலும் அல்ல. இன்று குதிரை நிற்கும் இடத்தில் அங்கே மான் நிற்கிறது. ஆட்டின் இடத்தில் குதிரை. நாயின் இடத்தில் கிழட்டு ஆடு. பாம்பின் இடத்தில் புழு. விலங்குகள் அப்போது நாட்களுக்கு உரியவை, ஆண்டுகளுக்கு அல்ல. எந்த விலங்கு எங்கே என்பதும் உறுதிப்படவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சொங் என்ற பகுத்தறிவாளர் எழுதிய லுன்ஹெங் நூலில்தான் இன்றைய பன்னிரண்டும் முழுமையாகக் காணக்கிடைக்கின்றன. அவரும் நம்பி எழுதவில்லை, கிண்டல் செய்யத்தான் எழுதினார். எலி நீருக்குரியது, குதிரை நெருப்புக்குரியது, நீர் நெருப்பை வெல்லும் என்கிறீர்களே, அப்படியானால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்பது அவர் கேள்வி.

சீனப் புராணத்து ஜேட் பேரரசர் வைத்த ஓட்டப்பந்தயம், எருதின் முதுகில் ஏறிவந்து எலி முதலிடம் பிடித்தது, பூனையை எலி ஏமாற்றியது போன்ற கதைகள் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தவை. முதலில் எண்ணிக்கை, அதன்மேல் விலங்கு, அதன்மேல் கதை. நம்மிடமும் இதே வரிசைதான். நாரதருக்கும் கண்ணனுக்கும் பிறந்த அறுபது பிள்ளைகள்தாம் அறுபது ஆண்டுகள் என்ற புராணக்கதையைத் திராவிட இயக்கத்தார் மேடைதோறும் கேலி செய்தார்கள். கேலிக்குரிய கதைதான். ஆனால் அது எண்ணிக்கைக்குப் பிறகு ஒட்டவைத்த கதை. அதைத் தூக்கி எறிந்தாலும் கணக்கு அப்படியே நிற்கும். சீனத்திலும் அறுபது ஆண்டுக்கு அறுபது தாய்சுய் தளபதிகள் உண்டு. அங்கே தளபதி, இங்கே பிள்ளை, அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த விலங்குகள் எங்கிருந்து வந்தன என்று 1906இல் பிரெஞ்சு அறிஞர் எதுவார் ஷாவான் ஆராய்ந்தபோது, மத்திய ஆசியத் துருக்கியரிடமிருந்து சீனம் பெற்றிருக்கலாம் என்றார். இந்தியாவிலிருந்து போனது என்பாரும் இருந்தார்கள். அதற்குச் சான்று மகாசந்நிபாத சூத்திரம் என்ற பௌத்த நூல். நாவலந்தீவுக்கு வெளியே நான்கு திசைக் குகைகளில் பன்னிரண்டு விலங்குகள் தவம் செய்வதாகவும் ஒவ்வொன்றாக வெளிவந்து உலகைச் சுற்றுவதாகவும் அதில் வருகிறது. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தர்மக்ஷேமர் என்ற இந்தியத் துறவி அதைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். சீனப் பட்டியலில் புலி இருக்கும் இடத்தில் இந்தச் சூத்திரத்தில் சிங்கம் நிற்கிறது. ஷுய்ஹுதி சுவடிகள் கிடைத்தபின் வழக்கு முடிந்தது: அந்தச் சூத்திரம் சீனம் போவதற்கு அறுநூறு ஆண்டுக்கு முன்பே அங்கே விலங்குகள் இருந்தன.

நம் பஞ்சாங்கத்து விலங்குகள்

விலங்கை நாளோடு கட்டும் பழக்கம் நமக்கு அந்நியமில்லை. தாம்பரம் சந்தையில் வாங்கும் எந்தப் பஞ்சாங்கத்தையும் புரட்டலாம். கரணம் என்ற ஐந்தாவது அங்கத்தில் பதினொன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு. பவத்துக்குச் சிங்கம், பாலவத்துக்குப் புலி, கௌலவத்துக்குப் பன்றி, தைதுலத்துக்குக் கழுதை, கரசைக்கு யானை, வணிசைக்கு எருது, பத்திரைக்குக் கோழி, சகுனிக்குக் காகம், சதுஷ்பாதத்துக்கு நாய், நாகவத்துக்குப் பாம்பு, கிம்ஸ்துக்கினத்துக்குப் புழு. சீனச் சுவடியில் கண்ட புழு இங்கேயும் நெளிகிறது.

கல்யாணப் பேச்சு எடுத்தவர்களுக்கு இன்னொரு பட்டியல் மனப்பாடம். பத்துப் பொருத்தத்தில் ஒன்றான யோனிப் பொருத்தத்தில் நட்சத்திரங்களுக்குப் பதினான்கு விலங்குகளைப் பங்கிட்டிருக்கிறார்கள். அசுவினிக்கும் சதயத்துக்கும் குதிரை, பரணிக்கும் ரேவதிக்கும் யானை, மகத்துக்கும் பூரத்துக்கும் எலி, சித்திரைக்கும் விசாகத்துக்கும் புலி, திருவாதிரைக்கும் மூலத்துக்கும் நாய். உத்திராடத்துக் கீரிக்கு மட்டும் துணை இல்லை. பெண் ஆயில்யம், பையன் மகம் என்றால் பொருத்தம் பார்ப்பவர் உதட்டைப் பிதுக்குவார். ஒன்று பூனை, மற்றது எலி.

சீனக் குடும்பங்களும் இப்படியே ஆண்டு விலங்கை வைத்து மணப்பொருத்தம் பார்த்தன. ஆனால் இரு முறைகளின் பகைக் கணக்கு வெவ்வேறு. நம் பட்டியலில் பகை இயற்கையிலிருந்து வருகிறது. பூனைக்கு எலி, பாம்புக்குக் கீரி, பசுவுக்குப் புலி, யானைக்குச் சிங்கம், மானுக்கு நாய். சீனப் பட்டியலில் எலிக்குப் பகை குதிரை, எருதுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல். எலிக்கும் குதிரைக்கும் காட்டிலோ வீட்டிலோ என்ன சண்டை? ஒன்றுமில்லை. பன்னிரண்டு இடங்களை வட்டமாக அடுக்கினால் எலிக்கு நேர் எதிரே குதிரை வருகிறது. எதிரெதிர் இடம் என்பதால் பகை. வாங் சொங்கின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது: அங்கே சண்டை இடங்களுக்குள், விலங்கு அந்த இடத்தில் மாட்டிய பெயர்ப்பலகை. நம் யோனிப் பட்டியலில் விலங்கே பொருள். அதனால்தான் இங்கே கீரி வேண்டியிருந்தது, பாம்புக்குச் சரியான எதிரி வேண்டுமே.

பிரபவ என்றால் நெருப்பு முயல்

இந்தியாவின் அறுபது பெயர்களும் சீனத்தின் பன்னிரண்டு விலங்குகளும் ஒரே நாட்காட்டியில் உட்கார்ந்த இடம் திபெத். காலசக்கர தந்திரம் என்ற சமஸ்கிருத நூல் பதினோராம் நூற்றாண்டில் அங்கே போனது. புத்தர் அதை ஆந்திரத்துத் தான்யகடகத்தில், இன்றைய அமராவதியில், உபதேசித்தார் என்பது திபெத்திய மரபு. பிரபவ முதலான அறுபது பெயர்களையும் திபெத்தியர் தம் மொழியில் ஆக்கிக்கொண்டு, 1027ஆம் ஆண்டை முதல் பிரபவ என்று வைத்தார்கள். இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் சென்று இரண்டே ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. சீனக் கணக்கில் விலங்கோடு, பத்துக் குறி வரிசை தரும் மரம், நெருப்பு, மண் போன்ற பூதமும் சேரும்; அப்படி அந்த ஆண்டு நெருப்பு முயல்.

1027இலிருந்து பதினாறு அறுபதுகளைக் கூட்டினால் 1987. தமிழ்நாட்டில் கடைசியாகப் பிரபவ பிறந்தது 1987 ஏப்ரலில்தான். அந்த ஆண்டு சீனத்தில் நெருப்பு முயல். திபெத்தில் பதினேழாவது சுழற்சியின் முதலாண்டு. மூன்று நாட்காட்டிகளும் ஒரே பல்சக்கரத்தில் சுழல்கின்றன. சீனர் தம் அறுபதை 1984இன் எலியாண்டில் தொடங்குகிறார்கள், நாம் மூன்றாண்டு தள்ளித் தொடங்குகிறோம். மற்றபடி இரண்டுக்கும் இடையில் நழுவல் எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு தமிழ் ஆண்டுக்கும் நிலையான ஒரு விலங்கு உண்டு. பிரபவ முயல், விபவ டிராகன், சுக்ல பாம்பு, பிரமோதூத குதிரை, பிரசோற்பத்தி ஆடு, ஆங்கீரச குரங்கு, ஸ்ரீமுக சேவல், பவ நாய், யுவ பன்றி, தாது எலி, ஈஸ்வர எருது, வெகுதானிய புலி. பதின்மூன்றாவதான பிரமாதியில் மறுபடி முயல். தலாய் லாமா பிறந்த 1935 நமக்கு யுவ, அவர்களுக்கு மரப்பன்றி. ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். சீனப் புத்தாண்டு சனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும், நம்முடையது சித்திரையில். 1988 மார்ச்சில் பிறந்தவர் சீனக் கணக்கில் டிராகன், தமிழ்க் கணக்கில் இன்னும் பிரபவ.

இந்தத் திபெத்தியக் கணக்கோடு வாழ்பவர்கள் தாம்பரத்திலேயே இருக்கிறார்கள். 1937இல் சென்னை நகருக்குள்ளிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் திபெத்திய மாணவர்கள் படிக்கிறார்கள். கிழக்குத் தாம்பரம், சேலையூர்ப் பக்கம் வாடகை வீடு எடுத்துத் தங்குகிறார்கள். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது கிழக்குத் தாம்பரத்தில் திபெத்தியர் சிலரைக் காவல்துறை முன்கூட்டியே பிடித்துவைத்த செய்தி நினைவிருக்கலாம். அந்த ஆண்டு நமக்கு விகாரி. சீன அதிபருக்கும் அந்த மாணவர்களுக்கும் ஒரே ஆண்டு: மண்பன்றி. அரசியலில் எதிரெதிராக நிற்பவர்கள் விலங்கில் ஒன்றாக நிற்கிறார்கள்.

கடல்வழி

தமிழகத்துக்கும் சீனத்துக்கும் இடையில் வானியல் அறிவு போய்வந்த வழியும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காஞ்சிப் பல்லவ நாட்டோடு தொடர்புடைய வஜ்ரபோதி என்ற பௌத்த ஆசிரியர் கடல்வழியே சீனம் சென்றார். இரண்டாம் நரசிம்மவர்மன் தாங் அரசவைக்குத் தூது அனுப்பியது 720இல். வஜ்ரபோதியின் மாணவர் அமோகவஜ்ரர் அந்த நூற்றாண்டின் நடுவில் நம் நட்சத்திரங்களையும் கோள்களையும் விளக்கும் நூல் ஒன்றைச் சீன மொழியில் தந்தார். வாரநாட்களும் நவக்கிரகமும் சீனம் அறிந்தது இப்படிப்பட்ட நூல்களால்தான்.

இரு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கல்வெட்டுகளும் உண்டு. சீனத் துறைமுகமான சுவான்சௌவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1281ஐச் சேர்ந்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. முதலில் சக ஆண்டும் சித்திரையும் தமிழில், கடைசியில் ஒரு வரி சீனத்தில். இலங்கைக் காலித் துறையில் 1911இல் கண்டெடுத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல் இன்னும் சுவையானது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு வந்த அந்தக் கல்லில் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. சீனப் பகுதியின் தேதி யுங்லோ பேரரசரின் ஏழாம் ஆண்டு, மண்ணெருது, இரண்டாம் மாதம். அதாவது 1409 பிப்ரவரி. நம் கணக்கில் மண்ணெருதுக்கு இணை விரோதி. சித்திரை பிறக்காததால் தமிழருக்கு அன்று சர்வதாரியே ஓடிக்கொண்டிருந்தது. அறுநூறு ஆண்டுக்கு முன்பும் பல்சக்கரம் இப்போதுபோலவே பொருந்தியிருக்கிறது.

ஜென்ம குருவும் சிவப்புக் கயிறும்

பொருத்தம் கணக்கோடு நிற்கவில்லை. சீனர் வழக்கில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தன் விலங்காண்டு திரும்பிவரும்போது ஒருவர் மகிழ்வதில்லை, அஞ்சுகிறார். தாய்சுய்யின் கண் தன்மேல் விழும் ஆண்டு அது. இடுப்பில் சிவப்புக் கயிறு, சிவப்பு உள்ளாடை, சிவப்புக் காலுறை என்று காப்பு அணிந்துகொள்வார்கள்; ஆண்டுத் தொடக்கத்தில் கோயிலுக்குப் போய்த் தாய்சுய்க்கு வழிபாடு செய்வார்கள். பினாங்கு, சிங்கப்பூர்த் தமிழர்கள் தம் சீன அண்டை வீட்டாரிடம் ஆண்டுதோறும் பார்ப்பது இது.

போரூர் வரிசையில் நிற்பவரிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் ‘எனக்கு ஜென்ம குரு நடக்குது’ என்பார். பிறந்த ராசிக்குக் குரு திரும்பிவரும் ஆண்டு. வியாழன் நல்லவன், ஆனால் ஜென்மத்தில் நின்றால் அலைக்கழிப்பான். இராமன் காட்டுக்குப் போனதே ஜென்ம குருவால்தான் என்பார்கள். அதற்குத்தான் மஞ்சள் துணியும் கடலை மாலையும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு திரும்புதல், திரும்பும்போது அச்சம், அச்சத்துக்கு ஒரு நிறம், நிறத்தோடு ஒரு கோயில். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தது என்று சொல்ல ஆதாரமில்லை, சொல்லவும் தேவையில்லை. ஒரே கோளை இரண்டு நாகரிகமும் அண்ணாந்து பார்த்தன.

ஐந்து சுற்று முடிந்தால் அறுபது. நம்மவர்கள் திருக்கடையூர் சென்று சஷ்டியப்த பூர்த்தி செய்துகொள்கிறார்கள். தம்பதியருக்கு மறுபடி தாலி கட்டும் சடங்கு நடக்கிறது. பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வருவதுதான் அந்த விழாவின் கணக்கு. கொரியரும் அறுபதைப் பெருவிருந்தாகக் கொண்டாடினார்கள்; ஜப்பானியர் அறுபது முடித்தவருக்குக் குழந்தைபோலச் சிவப்புச் சட்டையும் தொப்பியும் அணிவிக்கிறார்கள். எழுத்தறியாதவருக்கும் வயதைக் கணக்கிட்டுத் தருவது விலங்காண்டின் பெரும்பயன். ‘நான் பாம்பு’ என்று ஒருவர் சொன்னால் ஆளைப் பார்த்தே வயதைச் சரியாகச் சொல்லிவிடலாம். பன்னிரண்டு ஆண்டு பிசகாது. விலங்குக்குக் கிடைத்த பெரும் புழக்கத்துக்கு இதுவே காரணம். பிரமோதூத, பிரசோற்பத்தி என்று அறுபது பெயரை மனப்பாடம் செய்ய நம் பாட்டிமாரால் முடிந்திருக்கலாம். எலி, எருதை மூன்று வயதுக் குழந்தையும் மறக்காது.

நெருப்புக் குதிரை, பெண் மூலம்

இதே நினைவுக் கருவி மனிதர்மேல் தீர்ப்பு எழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் அழிக்க முடியாத புள்ளிவிவரம் இருக்கிறது. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் முரடி, கணவனுக்கு எமன் என்பது அங்கே பழைய நம்பிக்கை. 1683இல் எடோ நகரில் தீவைத்த குற்றத்துக்காக எரித்துக் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்ற இளம்பெண் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவள் என்ற கதை நாடகமேடை வழியே பரவியது. 1965இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18.2 லட்சம். நெருப்புக் குதிரையான 1966இல் 13.6 லட்சம். 1967இல் 19.4 லட்சம். தொலைக்காட்சியும் அதிவேக ரயிலும் வந்துவிட்ட நாட்டில் நான்கில் ஒரு பங்கு பிறப்பை ஒரு விலங்கு தடுத்து நிறுத்தியது. அதற்கு முந்தைய நெருப்புக் குதிரையான 1906இல் பிறந்த பெண்குழந்தைகள் பலரைப் பெற்றோர் முந்திய ஆண்டிலோ பிந்திய ஆண்டிலோ பிறந்ததாகப் பதிவு செய்தார்கள். மறுபுறம் டிராகன் ஆண்டு என்றால் சிங்கப்பூர், தைவான் சீனக் குடும்பங்களில் பிறப்பு கூடுகிறது. அந்தப் பிள்ளைகள் பிறகு பள்ளி இடத்துக்கும் வேலைக்கும் கூடுதல் போட்டியில் நிற்க வேண்டியிருக்கிறது.

தேதி மாற்றும் வித்தை நமக்குத் தெரியாததா? ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்ற பழமொழிக்குப் பயந்து எத்தனை ஜாதகங்கள் திருத்தி எழுதப்பட்டன என்று தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்துக் கல்யாணத் தரகர்களைக் கேட்டால் சிரித்துக்கொள்வார்கள். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது. பட்டியலைக் கவனியுங்கள். ஆகாதது யாருக்கோ, குற்றவாளி எப்போதும் மருமகளாக வரப்போகிறவள். ஜப்பானின் நெருப்புக் குதிரையும் பெண்ணைத்தான் பிடித்தது, ஆணை விட்டுவிட்டது. வானம் இரு நாட்டுக்கும் பொது. பெண்மேல் பழிபோடும் வழக்கமும் பொது.

2026 பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு. நெருப்புக் குதிரை அறுபது ஆண்டுக்குப் பின் திரும்பும் நாள். அதே ஆண்டு ஏப்ரலில் நமக்குப் பராபவ. 1966இல் பராபவ ஆண்டில் பிறந்த தமிழர்கள் இந்தச் சுற்றில் மணிவிழா காண்கிறார்கள். அவர்களின் பேத்திகள் இதே ஆண்டில் பிறக்கலாம்.

எலியும் எருதும், பிரபவவும் பராபவவும் மனிதர் காலத்தை எண்ணிப் பழகியதன் சான்றுகள். நாட்கணக்காகத் தொடங்கி மூவாயிரம் ஆண்டாகத் தொடர்ந்துவரும் எண்ணிக்கை என்பது சாதாரணப் பொருளில்லை. அதைப் பஞ்சாங்கத்தில் காப்பாற்றலாம், பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம், அறுபதாம் கல்யாணத்தில் கொண்டாடலாம். கணக்காக இருக்கும்வரை அது அறிவு. ஒரு பெண்ணின் ஜாதகத்தை ஒதுக்கிவைக்கக் காரணமாகும்போது அது அநியாயம். அடுத்த முறை வரன் பார்க்கும்போது மூலம் என்ற சொல்லைக் கேட்டு ஜாதகத்தை மடித்து வைக்கப்போகிறவர்கள், மடிக்கும் முன் அந்தப் பெண்ணிடம் ஒருமுறை பேசிப் பார்க்கட்டும்.